கம்பியூட்டர் திறக்க மறுத்தால்: கடைக்குக் கொண்டு செல்லுமுன் வீட்டிலேயே செய்யக்கூடியவை

வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் எந்தத் தாயும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை. நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறாள். வெப்பமானியால் அளந்து பார்க்கிறாள். கொத்தமல்லி அவித்துக் கொடுக்கிறாள். அதற்கும் குறையாவிட்டால்தான் டொக்டரிடம் அழைத்துச் செல்கிறாள். ஆனால் அதே வீட்டில் உள்ள கம்பியூட்டர் ஒருநாள் காலையில் திறக்க மறுத்து, கறுப்புத் திரையோ நீலத் திரையோ காட்டி நின்றுவிட்டால், முதலுதவி எதுவும் செய்யப்படுவதில்லை. மகனோ கணவரோ அதைத் தூக்கிக்கொண்டு நேரே கடைக்குச் செல்கிறார். "ஃபோமட் அடிக்க வேண்டும்" என்று அங்கு சொல்லப்படுகிறது. மாலையில் கம்பியூட்டர் புதிதுபோல் திரும்பி வருகிறது. ஆனால் மூத்த மகளின் திருமணப் படங்களும், இளைய மகன் சாதாரண தரப் பரீட்சைக்காகச் சேர்த்து வைத்த பாடக் குறிப்புகளும், கேக் ஓடர்களின் கணக்கும் அதில் இருப்பதில்லை.

இந்த இழப்புகளில் பெரும்பாலானவை தவிர்க்கக் கூடியவை. விண்டோஸ் உள்ள ஒவ்வொரு கம்பியூட்டரிலும் அதைச் சீர்செய்வதற்கான கருவிகள் உள்ளேயே வைத்து அனுப்பப்பட்டுள்ளன. அவற்றைத் தனியே விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. அவை எங்கே இருக்கின்றன, எதை முதலில் செய்ய வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பவற்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஏன் பெண்கள் இதை அறிந்திருக்க வேண்டும்?

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் வகுப்பறை வீட்டு மேசைக்கு வந்தது. அன்று முதல் பல வீடுகளில் கம்பியூட்டருக்குப் பொறுப்பாளி தாய்தான். கணவர் கடையிலோ வெளிநாட்டிலோ இருக்க, அது பழுதடையும் நேரத்தில் வீட்டில் இருப்பவளும் அவளே.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்றுண்டு. கம்பியூட்டர் கடைக்குச் செல்லும்போது அதனுள் இருக்கும் அனைத்தும் அதனுடன் செல்கின்றன. பெண்கள் வீட்டுக்குள் தலை மறைக்காமல் இருந்தபோது எடுத்த படங்கள், அடையாள அட்டைப் பிரதிகள், வங்கிக் கணக்கு விவரங்கள், குடும்பத்தினர் பகிர்ந்துகொண்ட கடிதங்கள் எல்லாம் முன்பின் தெரியாத ஒருவரின் மேசையில் இரண்டு மூன்று நாட்கள் திறந்து கிடக்கின்றன. திருத்துபவர்களில் அமானிதத்தைப் பேணுபவர்கள் நிறையவே உள்ளனர். அவர்களைக் குறை கூறுவது நமது நோக்கமல்ல. எனினும், வீட்டிலேயே பதினைந்து நிமிடத்தில் தீரக்கூடிய ஒரு கோளாறுக்காக வீட்டின் அந்தரங்கத்தை வெளியே அனுப்புவானேன்?

இந்தக் கருவிகள் வந்த கதை

1995இல் வெளிவந்த விண்டோஸ் 95இல் "சேஃப் மோட்" என்னும் வசதி இருந்தது. கம்பியூட்டர் நோய்வாய்ப்பட்டிருக்கும்போது, இயங்குவதற்கு அத்தியாவசியமானவற்றை மட்டும் வைத்துக்கொண்டு எழுந்து நிற்கும் நிலை இது. நோயாளிக்குக் கஞ்சி மட்டும் கொடுப்பதைப் போன்றது. 2000ஆம் ஆண்டு வந்த விண்டோஸ் மில்லேனியம் பதிப்பில் "சிஸ்டம் ரெஸ்டோர்" சேர்க்கப்பட்டது. கம்பியூட்டரின் அமைப்புகளை, அது நன்றாக இருந்த முந்திய ஒரு நாளின் நிலைக்குத் திருப்புவது இதன் வேலை. 2007இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில், விண்டோஸ் திறக்காதபோதும் தனியே திறக்கக்கூடிய மீட்புப் பகுதி ஒன்று அமைக்கப்பட்டது. இன்று விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் நாம் காணும் நீல நிற மீட்புத் திரை அதன் வளர்ச்சியே.

பழைய கம்பியூட்டர் பழகியவர்கள், திறக்கும்போது எஃப் 8 விசையை அழுத்தி இப்பகுதிக்குச் சென்றது ஞாபகமிருக்கலாம். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் அந்த வழி வழமையாக வேலை செய்வதில்லை. கம்பியூட்டர் மிக விரைவாகத் திறப்பதால் விசையை அழுத்துவதற்கு அவகாசமே கிடைப்பதில்லை.

இவை சாதாரண விளையாட்டுக் கருவிகள் என எண்ணிவிட வேண்டாம். 2024 ஜூலை 19ஆம் திகதி, கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பினால், உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கம்பியூட்டர்கள் நீலத் திரையுடன் முடங்கின. விமானங்கள் நின்றன. ஆஸ்பத்திரிகளும் வங்கிகளும் தடுமாறின. அதற்குச் சொல்லப்பட்ட பரிகாரம் என்ன? கம்பியூட்டரை மீட்புப் பகுதியில் அல்லது சேஃப் மோட்டில் திறந்து, பழுதான அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டு, மீண்டும் இயக்குவதுதான். பெரிய விமான நிலையங்களில் பொறியியலாளர்கள் அன்று பயன்படுத்திய அதே கருவி உங்கள் வீட்டு மேசையில் உள்ள கம்பியூட்டரிலும் இருக்கிறது.

முதலில் வெளியே பாருங்கள்

மீட்புத் திரைக்குச் செல்லுமுன் சில எளிய விடயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் சரியாக வருகிறதா, வயர்கள் தளர்ந்துள்ளனவா என்று பாருங்கள். கம்பியூட்டரில் செருகியுள்ள பென் டிரைவ், மெமரி கார்ட், பிரிண்டர் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். செருகியபடி மறந்துவிட்ட ஒரு பென் டிரைவே சில வேளை கம்பியூட்டர் திறக்காமைக்குக் காரணமாகிறது. லெப்டொப் எனில் சார்ஜரைச் செருகி அரை மணித்தியாலம் விட்டுப் பாருங்கள்.

திரையில் "அப்டேட்" நடைபெறுவதாகக் காட்டினால் பொறுமையாக இருங்கள். இடையில் ஆளியை நிறுத்திவிடாதீர்கள். நமது நாட்டில் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. விண்டோஸ் தன் கோப்புகளை எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், பாதி எழுதிய கோப்புகள் பழுதாகி, மறுமுறை திறக்க முடியாமல் போகலாம். யு.பி.எஸ். இல்லாமல் மேசைக் கம்பியூட்டர் வைத்திருப்போர் இதனை மனதிற்கொள்ள வேண்டும்.

மீட்புத் திரைக்குச் செல்லும் வழி

விண்டோஸ் ஓரளவு திறக்கிறது, ஆனால் ஒழுங்காக இயங்கவில்லை என்றால், ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி "ரீஸ்டார்ட்" என்பதைத் தெரிவு செய்யுங்கள். சிறிது நேரத்தில் நீலத் திரை தோன்றும்.

விண்டோஸ் திறக்கவே இல்லையென்றால், கம்பியூட்டரை இயக்கி, விண்டோஸ் தொடங்கும் அடையாளம் தெரிந்தவுடன் ஆளியைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். இவ்வாறு இரண்டு முறை செய்து, மூன்றாம் முறை நிறுத்தாமல் விட்டுவிடுங்கள். தன்னால் தொடர்ந்து திறக்க முடியவில்லை என்பதை விண்டோஸ் தானே உணர்ந்து மீட்புத் திரையைக் கொண்டுவரும். இந்த ஒரு காரியத்துக்கு மட்டுமே ஆளியை அழுத்தி நிறுத்தும் முறையைப் பயன்படுத்த வேண்டும். அதனை அன்றாட வழக்கமாக்கிவிடக் கூடாது.

நீலத் திரையில் "ட்ரபிள்ஷூட்" என்பதையும், அதனுள் "அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்" என்பதையும் தெரிவு செய்தால் கருவிகள் வரிசையாகத் தோன்றும். சிலவற்றைத் திறக்கும்போது உங்கள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கலாம். நாலிலக்க எண்ணை மட்டும் ஞாபகம் வைத்திருப்பவர்கள், கடவுச்சொல்லையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பது நல்லது.

மருந்துகளை எந்த ஒழுங்கில் கொடுப்பது?

டொக்டர் எடுத்த எடுப்பிலேயே சத்திர சிகிச்சை செய்வதில்லை. இங்கும் மெதுவான மருந்திலிருந்து தொடங்கிக் கடுமையான மருந்துக்குச் செல்ல வேண்டும்.

முதலாவது, "ஸ்டார்ட்அப் ரிப்பெயர்". விண்டோஸ் தொடங்குவதற்குத் தேவையான கோப்புகளைத் தானே பரிசோதித்துத் திருத்த முயலும். உங்கள் படங்களையோ ஆவணங்களையோ இது தொடாது. எனவே அச்சமின்றிச் செய்து பார்க்கலாம். பலன் கிடைக்காவிட்டாலும் நட்டமில்லை.

இரண்டாவது, "அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ்". நேற்று இரவு அப்டேட் நடந்தது, இன்று காலையில் திறக்கவில்லை என்ற நிலையில் இதுவே பொருத்தமான மருந்து. கடைசியாக வந்த அப்டேட்டை இது அகற்றிவிடும்.

மூன்றாவது, "சிஸ்டம் ரெஸ்டோர்". இங்கு திகதிகளுடன் சில மீட்புப் புள்ளிகள் காட்டப்படும். கம்பியூட்டர் நன்றாக இருந்த நாளொன்றைத் தெரிவு செய்தால், விண்டோஸின் அமைப்புகள் அந்நாளின் நிலைக்குத் திரும்பும். அதன் பின்னர் நிறுவிய மென்பொருள்கள் அகன்றுவிடும், ஆனால் படங்களும் ஆவணங்களும் அப்படியே இருக்கும். இதில் பலர் ஒரு தவறான எண்ணம் கொண்டுள்ளனர். கைதவறி அழித்துவிட்ட படங்களை இதன்மூலம் மீட்கலாம் என நினைக்கின்றனர். அவ்வாறு மீட்க முடியாது. இது கம்பியூட்டரைத்தான் பின்னோக்கிக் கொண்டு செல்லும், உங்கள் கோப்புகளை அல்ல.

நான்காவது, சேஃப் மோட். "ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்" என்பதைத் தெரிவு செய்து ரீஸ்டார்ட் செய்தால் எண்ணிட்ட பட்டியல் ஒன்று வரும். அதில் 4 என்ற எண்ணை அழுத்துங்கள். இந்நிலையில் கம்பியூட்டர் நன்றாகத் திறந்தால், விண்டோஸின் அடிப்படை சுகமாகவே உள்ளது, புதிதாகச் சேர்ந்த ஏதோவொன்றுதான் குழப்பம் செய்கிறது என்று விளங்கிக்கொள்ளலாம். அண்மையில் பிள்ளைகள் ஏற்றிய விளையாட்டு அல்லது மென்பொருளை அகற்றிவிட்டு மீண்டும் சாதாரணமாகத் திறந்து பாருங்கள். சேஃப் மோட்டில் பென் டிரைவ் வேலை செய்யும். ஆகவே, முக்கியமான கோப்புகளை உடனே பிரதி எடுத்துக்கொள்ளவும் இது நல்ல சந்தர்ப்பம்.

எதுவும் திறக்காவிட்டாலும் படங்களை எடுக்கலாம்

மேற்சொன்ன நான்கும் பயனளிக்கவில்லை என்றாலும் மனம் தளர வேண்டாம். அடுத்த கடுமையான மருந்துக்குச் செல்லுமுன் கோப்புகளை வெளியே எடுக்க ஒரு வழி இருக்கிறது. கடைக்காரர்கள் பலருக்கும் தெரிந்த வழி இது, வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் தெரிவதில்லை.

பென் டிரைவ் அல்லது வெளி ஹாட் டிஸ்க் ஒன்றைச் செருகிவிட்டு, அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸில் "கொமாண்ட் ப்ரொம்ட்" என்பதைத் திறவுங்கள். கறுப்புத் திரை தோன்றும். அதில் "நோட்பேட்" என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் விசையை அழுத்தினால் சிறிய எழுத்துப் பலகை ஒன்று திறக்கும். அதில் ஃபைல் என்பதற்குச் சென்று ஓபன் என்பதை அழுத்துங்கள். திறக்கும் பெட்டியின் கீழ்ப்புறத்தில் எல்லாக் கோப்புகளையும் காட்டும்படி மாற்றினால், உங்கள் டிரைவுகளும் கோப்புறைகளும் தெரியும். "யூசர்ஸ்" என்ற கோப்புறைக்குள் உங்கள் பெயரில் உள்ள கோப்புறையில் டெஸ்க்டொப், டொகியூமென்ட்ஸ், பிக்சர்ஸ் என்பன இருக்கும். வேண்டியதன் மீது மௌஸின் வலப் பொத்தானை அழுத்தி "கொப்பி" செய்து, பென் டிரைவில் "பேஸ்ட்" செய்யலாம்.

இங்கு இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். வழமையாக சி என்றிருக்கும் டிரைவ் இங்கு வேறெழுத்தில் காட்டப்படலாம், ஆகவே திறந்து பார்த்துத் தேடுங்கள். அத்துடன், பிரதி எடுக்கும்போது எவ்வளவு முடிந்தது என்பதைக் காட்டும் கோடு இங்கு தோன்றாது. கம்பியூட்டர் உறைந்துவிட்டதோ என எண்ணி அவசரப்பட்டு நிறுத்திவிடாமல் காத்திருங்கள்.

கடைசி மருந்து

ட்ரபிள்ஷூட் திரையில் "ரீசெட் திஸ் பீசீ" என்றொன்று உள்ளது. இது விண்டோஸைப் புதிதாக மீண்டும் நிறுவும். இதில் இரண்டு வழிகள் உண்டு. "கீப் மை ஃபைல்ஸ்" என்பது உங்கள் சொந்தக் கோப்புகளை வைத்துக்கொண்டு, நீங்கள் நிறுவிய மென்பொருள்களையும் அமைப்புகளையும் அகற்றும். "ரிமூவ் எவ்ரிதிங்" என்பது பெயருக்கேற்ப அனைத்தையும் அழித்துவிடும். இரண்டையும் மாறி அழுத்திவிட்டால் திரும்பி வர வழியில்லை. எனவே இந்த இடத்தில் ஒவ்வொரு சொல்லையும் நிதானமாக வாசித்த பின்னரே பொத்தானை அழுத்த வேண்டும்.

அடுத்து "கிளவுட் டவுன்லோட்", "லோக்கல் ரீஇன்ஸ்டோல்" என இரண்டு கேட்கப்படும். முதலாவது இணையத்திலிருந்து 4 ஜிபிக்கு மேற்பட்ட டேட்டாவை இறக்கக்கூடும். மாதாந்த டேட்டாவைக் கணக்குப் பார்த்துப் பயன்படுத்தும் வீடுகளில், முதலில் இரண்டாவதை முயன்று, அது சரிவராவிட்டால் மட்டும் முதலாவதற்குச் செல்லலாம்.

ரீசெட் செய்தபின் தமிழ் எழுத்துருக்கள் சிலவற்றையும் மீண்டும் நிறுவ வேண்டிவரும். பாமினியில் தட்டிய பழைய ஆவணங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடப்பது போலத் தெரியும். ஆவணம் பழுதாகிவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். பாமினி எழுத்துருவை மீண்டும் ஏற்றினால் தமிழ் வந்துவிடும்.

48 இலக்கச் சாவி

இக்காலத்துக் கம்பியூட்டர்கள் பலவற்றில், குறிப்பாக விண்டோஸ் 11 உள்ளவற்றில், உள்ளிருக்கும் அனைத்தும் "பிட்லொக்கர்" என்னும் பூட்டினால் பூட்டப்பட்டிருக்கும். கம்பியூட்டர் களவு போனால் படங்களைத் திருடன் பார்க்க முடியாது என்பதால் இது நல்லதே. ஆனால் மீட்புத் திரைக்குச் செல்லும்போது இப்பூட்டு 48 இலக்கம் கொண்ட ஒரு சாவியைக் கேட்கலாம். அது இல்லையென்றால் கோப்புகளை நீங்களும் எடுக்க முடியாது, கடைக்காரராலும் எடுக்க முடியாது, மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தாலும் உருவாக்கித் தர முடியாது. 2024இல் கம்பியூட்டர்கள் முடங்கியபோது பல நிறுவனங்களில் வேலை தாமதமானதற்கு இச்சாவியைத் தேடித்திரிய நேர்ந்ததும் ஒரு காரணம்.

பெரும்பாலும் இச்சாவி, கம்பியூட்டரை முதலில் அமைத்தபோது பயன்படுத்திய மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். வேறொரு கம்பியூட்டரிலோ கைத்தொலைபேசியிலோ அக்கணக்கினுள் நுழைந்து எடுத்துக்கொள்ளலாம். கடையில் அமைத்துக் கொடுத்த கம்பியூட்டர் என்றால், அது யாருடைய கணக்கில் அமைக்கப்பட்டுள்ளது என்பதை இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்?

எல்லா நோய்க்கும் கைமருந்து இல்லை. கம்பியூட்டரின் உள்ளிருந்து "டக் டக்" என்று ஹாட் டிஸ்க் தட்டும் சத்தம் கேட்டால், மேற்சொன்ன எதையும் செய்யாமல் உடனே நிறுத்திவிடுங்கள். அது கருவியின் உடல் தேய்ந்துவிட்டதற்கான அறிகுறி. திருத்தும் கருவிகளை ஓடவிட்டால் எஞ்சியிருப்பதும் கெட்டுவிடலாம். எரிந்த வாடை வந்தாலும், தேநீரோ தண்ணீரோ சிந்தியிருந்தாலும் அப்படியே. அப்போது அனுபவமுள்ள திருத்துநரிடம்தான் செல்ல வேண்டும். அங்கும், "கோப்புகளைப் பிரதி எடுக்காமல் ஃபோமட் செய்ய வேண்டாம்" என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லி, அதனைப் பற்றுச்சீட்டிலும் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

மீட்புக் கருவியும் சில வேளை பழுதடையும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி வெளியான ஒரு விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பின்னர், மீட்புத் திரையில் யு.எஸ்.பி. கீபோர்ட்டும் மௌஸும் வேலை செய்யாமல் போயின. சில நாட்களுக்குள் மைக்ரோசொஃப்ட் அதைத் திருத்தியது. ஆகவே, மீட்புத் திரை இருக்கிறதே என்று பிரதி எடுக்காமல் இருந்துவிடலாகாது. மேலும், விண்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவு அதே 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. அதனை இன்னும் பயன்படுத்தும் வீடுகளில் பிரதி எடுத்து வைப்பது இரட்டிப்பு அவசியமாகிறது.

நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டியவை

சகோதரிகளே, இதுவரை சொன்னவை அனைத்தும் நோய் வந்த பின்னர் செய்பவை. கம்பியூட்டர் சுகமாக இருக்கும்போதே செய்ய வேண்டியவை நான்கு.

ஒன்று: தேடும் இடத்தில் "கிரியேட் எ ரெஸ்டோர் பொயின்ட்" என்று ஆங்கிலத்தில் தட்டித் திறந்து, சி டிரைவுக்கு நேரே பாதுகாப்பு "ஒன்" என்றிருக்கிறதா எனப் பாருங்கள். பல கம்பியூட்டர்களில் இது அணைக்கப்பட்டே இருக்கும். அணைந்திருந்தால் சிஸ்டம் ரெஸ்டோருக்குப் போக ஒரு திகதியும் இருக்காது. "கொன்ஃபிகர்" என்பதில் சென்று இயக்கிவிட்டு, மீட்புப் புள்ளி ஒன்றையும் உருவாக்கி வையுங்கள்.

இரண்டு: வெறுமையான 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றை எடுத்து, "ரிகவரி டிரைவ்" என்று தேடி, மீட்பு டிரைவ் ஒன்றைச் செய்து வையுங்கள். அந்தப் பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். கம்பியூட்டருக்குள் உள்ள மீட்புப் பகுதியே கெட்டுவிட்டாலும் இது கைகொடுக்கும்.

மூன்று: பிட்லொக்கர் சாவியையும் கடவுச்சொல்லையும் காகிதத்தில் எழுதி, காணி உறுதியும் பிறப்பத்தாட்சியும் வைத்திருக்கும் அலுமாரியில் வையுங்கள். கம்பியூட்டரினுள்ளேயே எழுதி வைப்பது, வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது போன்றது.

நான்கு: மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, படங்களையும் பிள்ளைகளின் பாடங்களையும் வெளி ஹாட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுங்கள். எடுத்து முடிந்ததும் அதனைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். எப்போதும் செருகியே வைத்தால், வைரஸ் வந்தாலும் மின்னல் தாக்கினாலும் இரண்டும் ஒன்றாகவே போய்விடும்.

இந்த நான்கையும் செய்து முடிக்க ஒரு பிற்பகல் போதும். மூத்த பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு செய்தால், அடுத்த முறை கம்பியூட்டர் நீலத் திரை காட்டும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை வீட்டில் இருவர் அறிந்திருப்பார்கள்.